வாழ்க்கை விளையாட்டில் யாருக்கு உடம்பு உண்டு?

கணினி விளையாட்டுகளில் வாழ்க்கையையே ஆடுகளமாகக் கொண்ட வகை ஒன்று உண்டு. அதில் எதிரியைச் சுடுவதில்லை, பந்தயத்தில் முந்துவதில்லை. ஒரு மனிதரை உருவாக்கி, அவருக்கு வீடு கட்டி, வேலை தேடிக்கொடுத்து, கல்யாணம் செய்துவைத்து, பிள்ளை வளர்த்து, கிழப்பருவம் வரை நடத்திக்கொண்டு போவதுதான் ஆட்டம். வில் ரைட் வடிவமைத்து 2000 பிப்ரவரியில் வெளியான 'தி சிம்ஸ்' இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன்பின் வெகுகாலம் அதற்குச் சரியான போட்டியில்லை. அண்மைக்காலத்தில்தான் தென்கொரியாவின் 'இன்ஸோய்', கனடாவின் 'பாரலைவ்ஸ்', பாதியில் கைவிடப்பட்ட 'லைஃப் பை யூ' என்று புதியவை களத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் வெளியாவதற்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே தன் பாத்திரங்களின் தொடக்கநிலைப் படங்களைக் காட்டியது. படம் வந்த கையோடு ரசிகர்கள் அணிபிரிந்து வாதாடினார்கள்: முகத்தில் உயிரில்லை, எல்லாரும் ஒரே அச்சு, தொப்பை எங்கே, நரை எங்கே. விளையாட்டே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இவ்வளவு ஆவேசம் எதற்கு என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தோன்றும். அந்த ஆவேசத்துக்குள் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்றைப் படைப்பாளி காதில் போட்டுக்கொள்ளாமல் விடலாம். மற்றதைக் கேட்டே தீர வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் கூச்சலாக முடிகிறது.

முதல் குறை ரசனை பற்றியது. இந்த மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இந்த வண்ணம் குழந்தைப் படம் போலிருக்கிறது என்பது அது. இரண்டாவது குறை இடம் பற்றியது. இந்தக் கருவிகளைக் கொண்டு என் அம்மாவை, என் தெருக்காரரை, என்னை உருவாக்க முடியாது என்பது அது. சினிமாவிலும் நாவலிலும் பாத்திரம் படைப்பாளியின் கையில் இருக்கிறது. பார்ப்பவர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். வாழ்க்கை விளையாட்டில் ஆட்டக்காரரே அந்த உடம்புக்குள் போய்ப் பல நூறு மணிநேரம் குடியிருக்கிறார். நிறுவனம் விற்பது மனிதர்களைச் செய்யும் ஒரு பட்டறையை. அந்தப் பட்டறையில் என்னென்ன அச்சுகள் இருக்கின்றன என்று விலை கொடுப்பவர் முன்கூட்டியே கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. முதலில் காட்டப்படும் இரண்டு மூன்று முகங்கள் அந்தப் பட்டறையின் மாதிரிச் சரக்கு. அவற்றைப் பார்த்துத்தான் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்க முடியும்.

இந்தப் பாகுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 'தி சிம்ஸ் 4' விளையாட்டின் வரலாறே காட்டும். 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2014 செப்டம்பரில் அது வெளியானது. நீச்சல்குளம் இல்லை, நடைபழகும் பருவத்துக் குழந்தைகள் இல்லை என்பது வெளியீட்டுக்கு முன்பே தெரியவந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். நீச்சல்குளம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. குழந்தைகள் 2017 ஜனவரியில் வந்தார்கள். இவை எல்லாருடைய குறைகள், எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அடர்நிறத் தோல் பற்றிய குறையின் கதை வேறு. கருமையான நிறங்கள் எண்ணிக்கையில் குறைவு, இருப்பவையும் சாம்பல் பூத்தாற்போலவும் திட்டுத்திட்டாகவும் தெரிகின்றன, சுருள்முடிக்கு ஒழுங்கான வடிவம் இல்லை என்று கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். நிறுவனம் செய்யாததை அவர்களில் சிலர் தாங்களே செய்து, தோல் நிறங்களையும் முகப்பூச்சு வகைகளையும் உருவாக்கி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில்தான் சிம்ஸை வெளியிடும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய தோல் நிறங்களை இலவசமாகச் சேர்த்தது. குளம் வெட்ட இரண்டு மாதம். கருந்தோலைக் கருந்தோலாகக் காட்ட ஆறு ஆண்டு. கூச்சலின் அளவை வைத்துக் குறையின் நியாயத்தை அளந்தால் இப்படித்தான் ஆகும். இடம் பற்றிய குறை பெரும்பாலும் சிறு குரலில்தான் வரும், ஏனென்றால் இடம் இல்லாதவர்களே அதைச் சொல்கிறார்கள்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு பழைய முன்கதையும் உண்டு. வண்ணப் புகைப்படத்தின் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. கருநிற முகங்கள் அந்தக் கணக்கில் இருளில் போய்விட்டன. படச்சுருளின் அடர்நிற உணர்திறன் மேம்பட்டதில், சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமானின் பழுப்பும் பிரித்துத் தெரியவில்லை என்று அவற்றின் தயாரிப்பாளர்கள் சொன்ன புகாருக்குப் பங்குண்டு என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மரத்துக்காகக் கேட்டது மனிதருக்காகக் கேட்கப்படவில்லை என்பது நெஞ்சை அறுக்கும் செய்தி. கணினிப் படத்திலும் இதே கோளாறு வேறு வடிவில் திரும்புகிறது. வெளிர்தோலில் ஒளி உள்ளே புகுந்து மென்மையாகக் கசியும் அழகு கண்ணுக்கு முதலில் படும். கருந்தோலின் அழகு அதன் பளபளப்பிலும், நெற்றியிலும் கன்னத்திலும் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது. வெளிர்தோலுக்காகச் செய்த கணக்கின் மேல் வெறும் கருவண்ணத்தைக் கலந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

உடையிலும் இப்படித்தான். 2016 ஜூன் வரை 'தி சிம்ஸ் 4' விளையாட்டில் ஆண் உடை ஆணுக்கும் பெண் உடை பெண்ணுக்கும் என்று பூட்டப்பட்டிருந்தது. அந்த மாதம் 700க்கும் மேற்பட்ட உருப்படிகள் இரு பாலருக்கும் திறந்துவிடப்பட்டன. இதை மேல்நாட்டுப் பாலின அரசியலின் விவகாரம் என்று மட்டும் பலர் பார்த்தார்கள். தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டார வயல்காட்டில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறார்கள். வெயிலுக்கும் பயிரின் சுணைக்கும் அதுவே பொருத்தமான உடுப்பு. வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் நித்தம் காணும் அந்த உருவத்துக்கு 2016க்கு முந்திய அந்தப் பட்டறையில் இடமே கிடையாது. சட்டை ஆண்களின் பெட்டியில் இருந்தது. 2021 அக்டோபரில் மும்பையின் ஃபேஷன் ஸ்ட்ரீட் கடைவீதியை முன்வைத்து ஓர் இந்திய உடைத் தொகுப்பு வந்தது. இந்தியா என்றால் மும்பைக் கடைவீதி என்ற எல்லைக்குள் அது நின்றது. நல்ல தொடக்கம்தான், ஆனால் விளையாட்டு வெளியாகி ஏழாண்டு கழித்து, காசு கொடுத்து வாங்க வேண்டிய இணைப்பாக வந்த தொடக்கம்.

சீக்கிரம் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே விளையாட்டில் சான்று இருக்கிறது. ஜப்பானிய மலைநாட்டை ஒட்டி அமைந்த 'ஸ்னோயி எஸ்கேப்' தொகுப்பு 2020 நவம்பரில் வெளியானது. அதற்கு முந்திய முன்னோட்டத்தில், உதயசூரியக் கொடியை நினைவூட்டும் சட்டைக் கோலத்தையும், வழிபாட்டிடத்தின் முன் பாத்திரங்கள் குனிந்து வணங்கும் அசைவையும் கண்ட கொரிய ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜப்பானிய ஆட்சியின் கீழ் பட்ட கொடுமைகளின் நினைவு அந்த எதிர்ப்பின் வேர். நிறுவனம் வெளியீட்டுக்கு முன்னதாகவே இரண்டையும் மாற்றியது. தோல் நிறத்துக்கு ஆண்டுகள் ஆன இடத்தில் இதற்குச் சில வாரங்களே ஆயின. ஒன்று அடித்தளம் காய்ந்து இறுகிய பிறகு கேட்டது, மற்றது காயும் முன் கேட்டது.

ரசனையை மட்டும் கேட்டு வரைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சிவகிரியிலிருந்து கிழக்கே கோவில்பட்டியில்தான் ஓவியர் கொண்டையராஜு இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கிய அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகள் வழியாக நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போயின. அந்தத் தொழிலில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி முகவர்களும் கடைக்காரர்களும் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுவே அடுத்த ஆண்டும் அச்சேறும்; விலைபோகாத உருவம் மறைந்துவிடும். கொண்டையராஜுவின் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் விற்ற முகமே மறுபடி மறுபடி அச்சேறியதன் விளைவு நம் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. முருகனும் சரஸ்வதியும் ரோஜா நிறத்தில் ஒரே உருண்டை முகத்தோடு புன்னகைக்கிறார்கள். கார்மேகத்துக்கு ஒப்பிடப்பட்ட திருமால் வெளிர்நீலமாகிவிட்டார். அதே வட்டாரத்தில் பீடங்களில் நிற்கும் சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் கருத்த மேனியும் நிலைத்தன, ஏனென்றால் அவர்கள் நாடெங்கும் விற்கும் சந்தைக்காக வரையப்படவில்லை. பெருந்திரளின் ரசனையைச் சராசரியாக எடுத்தால் முகங்கள் ஒன்றாகிவிடும். இடம் கேட்கும் குரலுக்குச் செவிசாய்த்தால் முகங்கள் பெருகும்.

'இன்ஸோய்' இந்தச் சோதனையை நம் கண்ணெதிரே கடந்துகொண்டிருக்கிறது. பப்ஜி விளையாட்டைத் தந்த கிராஃப்டன் நிறுவனம் அன்ரியல் இன்ஜின் 5 கொண்டு செய்த இதன் உருவங்களை 2023இல் முதலில் பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். தோலின் மயிர்க்கால் வரை அவ்வளவு துல்லியம். 2024 ஆகஸ்டில் பாத்திரம் உருவாக்கும் பகுதி மட்டும் தனியாகச் சில நாட்கள் திறந்துவிடப்பட்டது. 2025 மார்ச் 28 அன்று முன்கூட்டிய வெளியீடாக வந்து ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. கூடவே எழுந்த விமர்சனமும் நியாயமானது: எல்லாரும் இளமை, எல்லாரும் ஒல்லி, எல்லாரும் கொரியப் பாட்டுக் குழுவின் அழகு, பருத்த உடம்புக்கும் தளர்ந்த உடம்புக்கும் வழி குறைவு. நுட்பம் எவ்வளவு உயர்ந்தாலும் அச்சுகளின் வகை குறைவாக இருந்தால் அது விலையுயர்ந்த நாட்காட்டிதான்.

ரசனைக் குறையைப் படைப்பாளி புறந்தள்ளலாம் என்று சொன்னதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் தீட்டிய வந்தியத்தேவனும் நந்தினியும் தலைமுறை தலைமுறையாக வாசகர் மனத்தில் குடியேறியவர்கள். 2022 ஜூலையில் மணிரத்னம் படத்தின் பாத்திரச் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாக வெளியானபோது, இது என் குந்தவை இல்லை, இது என் கரிகாலன் இல்லை என்று எழுந்த குரல்களில் உண்மையான பாசம் இருந்தது. ஆனாலும் மணியத்தின் கோட்டுக்கு மணிரத்னம் கட்டுப்பட்டவர் அல்லர். சுவரொட்டி பிடிக்காத வாசகரிடமிருந்து அவருடைய வந்தியத்தேவனை யாரும் பறித்துவிடவில்லை. மணியத்தின் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2019இல் 'சோனிக்' படத்தின் முன்னோட்டத்தில் அந்த நீல முள்ளெலியின் உருவம் கண்டு உலகமே முகம் சுளித்தபோது, இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் இரண்டே நாளில் மாற்றுவதாக அறிவித்தார். வெளியீடு 2019 நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, படம் நன்றாக ஓடியது. ரசிகர்களின் வெற்றி என்று அது கொண்டாடப்படுகிறது. அந்த மறுவேலையில் பங்கேற்ற வான்கூவர் கலைக்கூடம் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. சந்தை நெருக்கடியே காரணம் என்று நிறுவனம் சொன்னது. படத்தின் மீது பழிபோட ஆதாரமில்லை. எனினும் ஒரு முகத்தை மாற்றச் சொல்லும்போது யாரோ சிலர் தங்கள் இரவுகளைக் கொடுத்து அதை மாற்றுகிறார்கள் என்பதை நினைவில் வைக்க அந்தச் செய்தி போதும். வெறும் பிடித்தத்துக்காக அந்த விலையைக் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஒரே முகம்தான் வரைய முடியும், ஆனால் அது எல்லாருக்கும் உரியது என்ற இக்கட்டான நிலையும் உண்டு. திருவள்ளுவருக்கு உருவம் தீட்டிய கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் கதை அது. ஒவ்வொரு சமயத்தாரும் வள்ளுவரைத் தம்மவராகக் கண்ட நாட்டில், நெற்றிக்குறியோ மார்பில் நூலோ இல்லாத, வெள்ளாடை உடுத்திய ஒரு வள்ளுவரை அவர் உருவாக்கினார். படத்தைத் தலைவர்களும் அறிஞர்களும் வந்து பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகே அது பொதுவெளிக்கு வந்தது. 1960இல் அஞ்சல் தலையில் வள்ளுவர் இடம்பெற்றார். 1964இல் சட்டமன்றத்தில் சர்மாவின் படத்தை அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்தார். அந்த முகம் அழகா என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. இதில் நான் வெளியே தள்ளப்படுகிறேனா என்ற கேள்விக்கே சர்மா விடை தேடினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆடைக்குக் காவி பூசப்பட்டபோதெல்லாம் தமிழ்நாடு கொதித்தெழுவது அந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சாட்சி.

விளையாட்டு உலகத்திலேயே தமிழருக்கு ஒரு பெருமிதமும் இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா', 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொல்கிறது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. வெண்பாவின் பொட்டும் சேலைக்கட்டும் இட்லித் தட்டும் முதல் படத்திலேயே நம்மவர்களைக் கவர்ந்தன. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்குள் வளர்ந்தவர்கள் செய்ததால் பிசகு இல்லை. ஆனால் 'வெண்பா' தன் மூன்று மனிதரை அறிந்தால் போதும். வாழ்க்கை விளையாட்டு உலகத்தின் அத்தனை வீட்டையும் அறிய வேண்டும், எந்தக் குழுவாலும் அது முடியாது. தெரியாத வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த வீட்டாரின் எதிர்வினையைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

இடம் பற்றிய குறையை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் மூன்று கவனிக்கத் தக்கவை. பாதி முடிந்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது முதலாவது. ரசனைக்கு இது முழுக்கப் பொருந்தும். ஒளியும் அசைவும் சேரும் முன் ஒரு முகத்தைப் பழிப்பது அநியாயம். இடம் பற்றிய குறைக்கோ இது தலைகீழாகப் பொருந்துகிறது. பாத்திரத்தின் உள்ளெலும்பு அமைப்பும், உடல் அளவுகள் எந்த எல்லை வரை நீளும் என்பதும், துணி உடம்போடு எப்படி ஒட்டும் என்பதும் முதலில் முடிவாகிவிடும். ஆயிரக்கணக்கான உடைகளும் அசைவுகளும் அதன் மேல் அடுக்கப்பட்ட பிறகு அடியில் கைவைத்தால் எல்லாம் சரியும். 'லைஃப் பை யூ' உருவங்கள் கடைப்பொம்மை போல விறைத்திருக்கின்றன என்று 2023 முதலே சொன்னார்கள். வெளியீடு மூன்று முறை தள்ளிப்போய், 2024 ஜூன் 17 அன்று பாரடாக்ஸ் நிறுவனம் அதைக் கைவிட்டது. முகங்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தாமதமாகச் சரிசெய்யத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை அந்த முடிவு காட்டுகிறது. மாறாக, 2019இல் அறிவிக்கப்பட்ட 'பாரலைவ்ஸ்', ஆதரவாளர்களின் மாதக்கொடையில் நடப்பதால், அரைகுறை வேலையைக் காட்டிக்காட்டியே வளர்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் உயரத்தையும் மாற்றலாம் என்பது அதன் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. குட்டையானவரும் நெட்டையானவரும் ஒரே கட்டிலில் உட்கார, கட்டிப்பிடிக்க, அசைவுகள் அத்தனையும் அதற்கேற்ப அமைய வேண்டும். பிற்பாடு ஒட்டவைக்கக்கூடிய வசதி இல்லை அது. 2025 டிசம்பர் 8 என்று குறித்த முன்கூட்டிய வெளியீட்டைக்கூடச் சோதனை ஆடியவர்களின் கருத்தைக் கேட்டபின் 2026 மே 25க்குத் தள்ளிவைத்தார்கள்.

வேண்டியதை ஆட்டக்காரர்களே செய்து சேர்த்துக்கொள்ளலாமே என்பது இரண்டாவது மறுப்பு. செய்கிறார்கள், அழகாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த வசதி கணினி வைத்திருப்பவருக்கு, கோப்புகளைக் கையாளத் தெரிந்தவருக்கு மட்டும். நிறுவனம் ஒவ்வொரு முறை விளையாட்டைப் புதுப்பிக்கும்போதும் அவை பழுதாகலாம். சிலருக்குப் பெட்டியைத் திறந்ததும் உடம்பு கிடைப்பதும், சிலர் தம் உடம்பைத் தாமே தைத்துக்கொள்ள வேண்டியிருப்பதும் சமம் ஆகாது. மூன்றாவது, இவ்வளவு சிறிய சந்தைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்பது. கிராஃப்டனிடம் இதைச் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே பப்ஜியின் தனிப்பதிப்பாகப் பி.ஜி.எம்.ஐ. விளையாட்டைக் கொண்டுவந்த நிறுவனம் அது; தென்காசி மாவட்டத்துப் பையன்களின் கைபேசிகளை அதற்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'இன்ஸோய்' சியோலையும் கலிஃபோர்னியாக் கடற்கரையையும் இந்தோனேசியாவையும் சாயலாகக் கொண்ட மூன்று ஊர்களோடு திட்டமிடப்பட்டது. இந்தோனேசியாவுக்குப் போக முடிந்தவர்களுக்கு இந்தியக் கரை தூரமில்லை.

மறுப்பாளர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் தயக்கமின்றி ஏற்கிறேன். ஓவியரின் பெயரைத் தேடிப்பிடித்து வசைபாடுவது எதிர்வினை ஆகாது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ரசனைக் குறைக்காகவே செய்கிறார்கள் என்பதும், அந்த இரைச்சலில் இடம் கேட்பவர்களின் குரல் முதலில் அடிபட்டுப் போகிறது என்பதும் வருத்தமான உண்மை. வசைக்குப் பயந்த நிறுவனங்கள் எதையும் முன்கூட்டிக் காட்டாமல் மூடிக்கொண்டால் இழப்பு நமக்குத்தான்.

அப்படியானால் தமிழ் ஆட்டக்காரர்கள் அடுத்த படம் வரும்போது எதைப் பார்க்க வேண்டும்? சேலையைப் பார்க்கலாம். தைக்காத துணி அது. சட்டை போல உடம்போடு ஒட்டவைத்த வார்ப்பாகச் செய்தால் நிற்கும்போது சரியாக இருக்கும். உட்கார்ந்தால் கொசுவம் தொடைக்குள் புகுந்துவிடும், முந்தானை முதுகோடு பசைபோட்டாற்போல் நிற்கும். மடித்துக் கட்டிய வேட்டிக்கும் கைலிக்கும் இதே சிக்கல். தரையில் சம்மணமிட்டு உட்கார வருகிறதா என்று பார்க்கலாம். நாற்காலியை மட்டும் அறிந்த எலும்பமைப்பில் பந்திச் சாப்பாடு நடக்காது. எண்ணெய் தடவி வாரிப் பின்னிய சடையும் அதில் வைத்த பூவும் தலை திரும்பும்போது கூடவே திரும்புகின்றனவா, வெயிலில் நின்று வேலை பார்த்த ஐம்பது வயதுக் கருத்த முகத்தில் சுருக்கமும் மினுக்கமும் சேர்ந்து தெரிகின்றனவா, வயதானவர் என்றால் நரைத்த இளைஞராக இல்லாமல் தோள் தாழ்ந்து நடக்கிறாரா என்று கேட்கலாம். இவற்றில் எதுவும் அழகு பற்றிய கேள்வி அல்ல. ஒவ்வொன்றும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குழுவினர் பதில் சொல்லக்கூடிய, வேலைப்பட்டியலில் எழுதிக்கொள்ளக்கூடிய கேள்வி. சம்மணத்துக்கு ஓர் அசைவு, முந்தானைக்குத் தனி எலும்புத்தொடர், கருந்தோலுக்குத் தனி ஒளிக்கணக்கு என்று அவற்றுக்கு விலையும் நாளும் குறிக்க முடியும்.